போத்தலின் பின்பக்கம்

உங்கள் கடிதம் கிடைத்தது.
மாதிரி எண்ணெய் பிடித்திருக்கிறதாம்.
போத்தலின் பின்பக்கத்தில் ஒட்ட
நாற்பது சொல்லில் எங்கள் கதை வேண்டுமாம்,
வாசிப்பவரின் நெஞ்சைத் தொடவேண்டுமாம்.

முதலில் மரம்.
இலாங் இலாங் என்பது எங்கள் வாயில் நிற்கவில்லை,
லங்குமரம் என்கிறோம்.
நீங்கள் அனுப்பிய படத்தில் அது வானத்துக்குப் போகிறது.
இங்கே விடமாட்டோம்.
என் தலைக்கு ஒரு முழம் மேலே வந்ததும்
குருத்தைக் கிள்ளி, மறுகா
கொப்புகளை வளைத்து, கயிறு போட்டு,
முளையடித்துக் கட்டுவோம், மாட்டைக் கட்டுகிறமாதிரி.
உயரத்தில் பூத்தால் பறிக்கக் காகம்தான் வரும்.

கடனுக்குப் போனபோது படிவத்தில்
பயிர் என்ற கட்டத்துக்குள்
நெல், சோளம், பயறு இருந்தன.
'மற்றவை' என்பதில் எழுதினேன்.
மனேச்சர் பேனையால் அதைத் தட்டித் தட்டி
"பூவா?" என்று மூன்று தரம் கேட்டார்.

பச்சைப் பூவில் எண்ணெய் இல்லை.
மஞ்சளாகி, அடித்தொண்டையில்
வெற்றிலை போட்டமாதிரி ஒரு சிவப்பு வரவேண்டும்.
அந்தச் சிவப்பை டோர்ச் வெளிச்சத்தில் தேடி
விடியச்சாமத்தில் பறிக்கிறோம்.
கச்சான் காற்று எழும்பிவிட்டால்
பாதி மணம் வாவிக்குப் போய்விடும்,
பணம் தராமல்.

நிறை கூட்டப் பச்சைப் பூவைக் கலந்தாள் என்று
தவலட்சுமியை ஒரு கிழமை நிறுத்தினேன்.
அது அவளின் மகனுக்கு
ரியூசன் காசு கட்டுகிற கிழமை.
எனக்குப் பிறகுதான் தெரியும்.
திரும்பி வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை,
கூடையைத் தராசில் வைத்துவிட்டு
முள்ளைப் பார்க்காமல் நின்றாள்.
இது உங்கள் நாற்பதுக்குள் வருமா?

பொயிலருக்கு மரமுந்திரி விறகு.
முதல் இரண்டு மணித்தியாலம் வடிகிறது
தண்ணீரைப்போல, வெளிச்சமாக. அது உங்களுக்கு.
பின்னேரம் வருவது கொழும்பில் ஒரு முகப்பூச்சுக்காரருக்கு.
நடுச்சாமத்துக்குப் பிறகு
தடித்து, சோம்பலாகச் சொட்டுவது
சவர்க்காரக் கொம்பனிக்கு.
அந்தக் கடைசிச் சொட்டுகளோடு
என் கணவர் குலவீரசிங்கம் விழித்திருப்பார்,
எங்கேயோ நடக்கிற கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்டபடி.

ஓம், கணவர் இருக்கிறார்.
நீங்கள் கேட்காமல் கேட்டது எனக்கு விளங்கியது.
இந்த மண்ணில் என்ன நடந்தது என்பதும்
எங்களுக்குத் தெரியும்.
விலைப்பட்டியலில் அது இல்லை.

யானை வேண்டுமானால் தரலாம்.
போன ஆவணியில் ஒன்று வந்தது. பூவைத் தொடவில்லை.
தண்ணீர்த் தாங்கியை உடைத்தது.
கட்டிக்கிடந்த கொப்புகளுக்கு நடுவே
நெடுநேரம் நின்றது.
நாங்கள் வெடி கொளுத்த முதலே போய்விட்டது.
தாங்கிக்கு எழுபத்தையாயிரம்.

மணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்.
நாலு வருசமாக எனக்கு அது தெரியாது.
வங்கியில் வரிசையில் நிற்கும்போது
முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்,
அப்போது தெரியும், நான் மணக்கிறேன் என்று.
உவைஸின் லொறியில் எங்கள் பீப்பா இறங்கியபிறகு
அடுத்த லோடு சீமெந்து.
காத்தான்குடியில் ஒருவர் அதில் கட்டிய கக்கூசு
கலியாணவீடுமாதிரி இருக்கிறதாம்.

ஊரின் பெயரிலேயே ஒரு மகிழமரம் நிற்கிறது:
மகிழடித்தீவு.
எழுத்துக் கூடிப்போயிற்று என்று
லேபலில் அதைச் 'சிலோன்' ஆக்கியிருக்கிறீர்கள்.

ஆகவே இப்படி அச்சிடுங்கள்:

ஐம்பது கிலோ பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய்.
மகிழடித்தீவில் பதினொரு பெண்கள்
வெயிலுக்கு முன் பறித்தது.
மரங்கள் குட்டை. கட்டப்பட்டவை.

தவலட்சுமியையும் சேர்த்துத்தான் பதினொன்று.
எண்ணிப் பார்த்தேன், நாற்பது வரவில்லை.
யூன் மாதத்து மிகுதிப் பணமும்
இன்னும் வரவில்லை.